நழுவிய பூட்டு: வெளிவரவிருக்கும் ஒரு மடக்குக் கத்தி குறித்த நிகழ்வு ஆய்வு

மடக்குக் கத்தியை விரித்து வேலை செய்யும்போது, விரல்களுக்கும் கூருக்கும் நடுவே இருப்பது ஒரு சின்னப் பூட்டு மட்டும்தான். அது நழுவினால் அலகு கையின் மேலேயே மடங்கும். இந்த ஆய்வு அப்படி நழுவிய ஒரு பூட்டைப் பற்றியது.

விற்பனைக்கு வராத ஒரு புது மாடல் பைலட் பேட்ச் நிலையில், அதாவது முழு உற்பத்திக்கு முன் சோதனைக்காகச் செய்யும் சிறு தொகுதியாக இருந்தபோது, அது உருவாவதைத் தொழிற்சாலைக்குள் போய்ப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. மாடல் இன்னும் வெளியாகவில்லை என்பதால் நிறுவனத்தின் பெயரோ கத்தியின் பெயரோ எழுதுவதில்லை என்பது ஒப்பந்தம். நான் போன சமயத்தில் பைலட் பேட்ச் கத்திகளில் சில, பூட்டுச் சோதனையில் தோற்றுப்போயிருந்தன. ஒரு புதுக் கத்தி எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கப் போன எனக்கு, ஒரு கோளாறின் மூலத்தை எப்படித் தேடுகிறார்கள் என்று பார்க்கும் வாய்ப்பும் சேர்ந்தே கிடைத்தது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் தவறில்லை. எஃகில் தவறில்லை. கழற்றி அளந்தபோது ஒவ்வொரு பாகமும் அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது. இரண்டு வேலைகள் எந்த வரிசையில் நடந்தன என்பதில்தான் கோளாறு ஒளிந்திருந்தது.

கத்தியின் அமைப்பு

அலகு 3 மி.மீ. தடிமன், சுமார் 80 மி.மீ. நீளம். எஃகு 14சி28என்: 0.62 சதவீதம் கார்பன், 14 சதவீதம் குரோமியம், 0.11 சதவீதம் நைட்ரஜன். துருவைத் தாங்கும், மெல்லிய கூர்விளிம்பை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், சாணை பிடிக்கவும் சிரமம் கொடுக்காத எஃகு. பெயரைக் கேட்டதும் கண் விரியும் விலையுயர்ந்த பவுடர் எஃகு (உலோகத் தூளை இறுக்கிச் செய்வது) அல்ல. அன்றாடம் பையில் வைத்துப் புழங்கும் கத்திக்கு இது மிகச் சரியான தேர்வு என்பது என் கருத்து.

கைப்பிடியின் இரு பக்கமும் ஐந்தாம் கிரேடு டைட்டானியம், அதாவது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த உலோகம். பூட்டு ஃபிரேம் லாக் வகை. கைப்பிடியின் ஒரு பக்கத் தகட்டிலேயே நீளமாக வெட்டி, ஒரு பட்டையை ஸ்பிரிங் போல உள்நோக்கி வளைத்திருப்பார்கள். அலகை முழுதாக விரித்ததும் அந்தப் பட்டை உள்ளே பாய்ந்து அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் நின்றுகொள்ளும். மூட வேண்டுமானால் கட்டைவிரலால் பட்டையை வெளியே தள்ளி அலகை மடக்க வேண்டும்.

இந்தக் குடும்பத்துப் பூட்டுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகட்டையே பூட்டாக்கும் லைனர் லாக் முறையை இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கத்தி வினைஞர் மைக்கேல் வாக்கர், 1980-களின் தொடக்கத்தில். தென் ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கிறிஸ் ரீவ் தனித்தகட்டை நீக்கிவிட்டு, கைப்பிடியின் கனமான பக்கத்தையே பூட்டாக மாற்றினார். அவருடைய செபென்சா கத்தியிலிருந்துதான் ஃபிரேம் லாக் உலகெங்கும் பரவியது. அதில் ஒரு நல்ல குணம் உண்டு: கத்தியை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க உள்ளங்கையே பட்டையை இன்னும் உள்ளே அழுத்தும்.

ஆனால் டைட்டானியம் அலகின் எஃகைவிட மிகவும் மிருதுவானது. இரண்டும் நேராக உரசினால் டைட்டானியம் தேயும், சில சமயம் எஃகோடு ஒட்டிக்கொண்டு திறக்க அடம்பிடிக்கும். அதனால் இந்த மாடலில் பட்டையின் நுனியில் கடினப்படுத்திய ஒரு சிறு எஃகுத் துண்டைத் திருகி வைத்திருந்தார்கள். அலகைத் தொடுவது அந்தத் துண்டுதான்.

எட்டு டிகிரி

இந்த ஆய்வின் மையம் ஒரு கோணம். அலகின் அடிப்பகுதியில் பூட்டுப் பட்டை வந்து தொடும் முகத்தைப் பூட்டு முகம் என்று அழைக்கிறேன். அது செங்குத்தாக இருக்காது, சற்றுச் சாய்வாக இருக்கும். பெரும்பாலான கத்திகளில் இந்தச் சாய்வு 7 முதல் 9 டிகிரிக்குள் வரும். இங்கே 8 டிகிரி. கதவடியில் செருகும் ஆப்பு மாதிரிதான் வேலை செய்கிறது: பட்டை உள்ளே போகப் போக அலகு இறுகி, ஆட்டம் இல்லாமல் நிற்கும்.

ஆப்பு தானாக வெளியே வராமல் இருக்க, அதன் சாய்வு உராய்வுக் கோணத்தைவிட, அதாவது பொருள் வழுக்கத் தொடங்கும் சாய்வைவிட, குறைவாக இருக்க வேண்டும். உராய்வுக் கெழு 0.15 என்று வைத்துக்கொண்டால் உராய்வுக் கோணம் சுமார் 8.5 டிகிரி. ஆக 8 டிகிரிச் சாய்வு நிற்கும், ஆனால் பெரிய இடைவெளியோடு அல்ல. இன்னும் குறைத்து 5 டிகிரி ஆக்கினால் பிடி வலுக்கும், ஆனால் பட்டை இறுகிச் சிக்கிக்கொண்டு கட்டைவிரலுக்கு அசையாது. கூட்டி 12 டிகிரி ஆக்கினால் வழுவழுவென்று திறக்கும், அலகின் முதுகில் அழுத்தம் வந்தால் வழுவழுவென்றே நழுவும். கத்தி வடிவமைப்பவர்கள் இந்த இரண்டு ஆபத்துக்கும் நடுவிலுள்ள ஒரு குறுகிய வழியில் நடக்கிறார்கள்.

இந்தச் சாய்வுக்கு இன்னொரு விளைவும் உண்டு. இந்தத் தொழிற்சாலைக்குப் போவதற்கு முன் நான் அதற்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுத்து யோசித்ததில்லை. 8 டிகிரியின் டேன்ஜென்ட் மதிப்பு சுமார் 0.14. அதாவது பூட்டு முகம் தன் இடத்திலிருந்து 0.05 மி.மீ. பின்னால் போனால், பட்டை அதை எட்டிப்பிடிக்க அதைப்போல ஏழு மடங்கு, சுமார் 0.36 மி.மீ. கூடுதலாக உள்ளே நகர வேண்டும். 3 மி.மீ. தடிமனுள்ள அலகில் இது 12 சதவீதம். கண்ணுக்கே தெரியாத ஒரு பிழையை இந்தப் பூட்டு ஏழு மடங்காக்கிக் காட்டிவிடுகிறது.

அந்த 0.05 மி.மீ. எங்கிருந்து வருகிறது? விரிந்த அலகு எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்டாப் பின் என்ற சிறு உருளை. அந்தப் பின்னின் விட்டம், அது உட்காரும் துளையின் இடம், அலகில் அது தொடும் பள்ளம், அலகு சுழலும் அச்சான பிவட்டின் துளை அளவு, பட்டை நுனியிலுள்ள எஃகுத் துண்டின் நீளம், இவை ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு முன்பின் இருக்கும். எல்லாம் ஒரே பக்கமாகச் சேர்ந்துவிட்டால் 0.05 எளிதில் வந்துவிடும். அதனால்தான் ஒரே வரைபடத்திலிருந்து ஒரே வாரத்தில் செய்த இரண்டு கத்திகளில், ஒன்றில் பட்டை அலகின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது, மற்றொன்றில் நடுவரைக்கும் போகிறது. இந்த மாடலில் பட்டை அலகின் தடிமனில் கால்பங்கு வரை நுழைய வேண்டும் என்பது இலக்கு. தேயத் தேய உள்ளே போவதற்கு மீதி இடம் இருக்கும்.

அலகு போகும் பாதை

எஃகுத் தகட்டிலிருந்து அலகின் உருவத்தை லேசர் வெட்டி எடுக்கிறது. வெட்டிய விளிம்பில் சூடு பட்டிருக்கும் என்பதால் முக்கியமான இடங்களில் கொஞ்சம் உலோகத்தைக் கூடுதலாக விட்டுவைத்து, அப்புறம் மில்லிங் இயந்திரத்தில் சீவுகிறார்கள். பிவட் துளை, மூடிய நிலையில் அலகைப் பிடித்துக்கொள்ளும் சிறு உருண்டைக்கான குழி, இவையெல்லாம் எஃகு மிருதுவாக இருக்கும்போதே போடப்படுகின்றன. கடினமான பிறகு துளை போடுவது கடினம், செலவும் கூடும்.

அடுத்தது வெப்பப் பதம். வெற்றிட உலையில் 1,050-லிருந்து 1,080 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, அழுத்தத்தோடு நைட்ரஜன் வாயுவைப் பாய்ச்சிச் சட்டென்று குளிர்விக்கிறார்கள். அறை வெப்பத்துக்கு வந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. எஃகின் உள்ளே மாறாமல் மிச்சமிருக்கும் ஆஸ்டினைட் என்ற மிருதுவான பகுதியையும் மாற்றுவதற்காக, உடனே பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே உறையவைக்கிறார்கள். கடைசியாக 200 டிகிரிக்குக் குறைவான சூட்டில் டெம்பரிங், அதாவது எஃகு நொறுங்காமல் இருக்க மீண்டும் மிதமாகச் சூடேற்றுவது. உலோகத்தின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் 60-ஐ ஒட்டிய கடினம் கிடைக்கிறது.

கடினமாகும்போது எஃகு கொஞ்சம் பெருக்கும், சில அலகுகள் வளையவும் செய்யும். வளைந்ததை நிமிர்த்துவதற்கென்றே ஒருவர் இருந்தார். அலகை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, குழிந்த பக்கத்தைக் கூர்நுனிச் சுத்தியலால் பொட்டுப் பொட்டாகத் தட்டினார். தட்டிய இடத்தில் மேற்பரப்பு துளி அளவு விரிந்து அலகை நேராக்குகிறது. இவ்வளவு கடினமான எஃகை வளைத்து நிமிர்த்தப் பார்த்தால் உடைந்துவிடும். தட்டித்தான் நிமிர்த்த முடியும். இயந்திரங்கள் நிறைந்த அந்தக் கூடத்தில் நான் அதிக நேரம் நின்றது இவர் பக்கத்தில்தான். எங்கே தட்ட வேண்டும் என்பதை எந்தக் கேஜும் அவருக்குச் சொல்லவில்லை.

நிமிர்ந்த அலகின் இரு பக்கத்தையும் சமதளமாக அரைக்கிறார்கள். அதன்பின் கூர்விளிம்பை நோக்கிய சரிவு, குளிர்விக்கும் நீர் கொட்டக் கொட்ட அரைக்கப்படுகிறது. அரைக்கும் சூடு டெம்பரிங் சூட்டைத் தாண்டினால் விளிம்பு பதம் இழந்துவிடும் என்பதால் நீர் ஒரு கணமும் நிற்கக் கூடாது. பிறகு பூட்டு முகத்தை 8 டிகிரிக்கு அரைத்து, மெருகேற்ற அனுப்புகிறார்கள். பூட்டும் மேசையில் பிவட், வாஷர், ஸ்டாப் பின், கைப்பிடி எல்லாம் சேரும். சாணை பிடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

மெருகு என்று இங்கே சொல்வது பளபளப்பு அல்ல. அலகுகளைச் செராமிக் கற்களோடும் நீரோடும் அதிரும் தொட்டியில் போட்டு மணிக்கணக்கில் உருட்டி எடுக்கும் ஸ்டோன்வாஷ். மேற்பரப்பு மங்கலான சாம்பல் நிறமாகும். பின்னாளில் விழும் கீறல்கள் அதில் அவ்வளவாகத் தெரியாது. புழங்கும் கத்திக்கு நல்ல மெருகு, பார்க்கவும் எனக்குப் பிடிக்கும்.

சோதனையில் நடந்தது

பூட்டுச் சோதனைக்கு எளிய ஓர் அமைப்பு வைத்திருந்தார்கள். விரித்த கத்தியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துவிட்டு, அலகின் முதுகில், நுனிக்குப் பக்கமாக, மெல்ல மெல்லச் சுமையைக் கூட்டுவார்கள். பிவட்டிலிருந்து பூட்டு முகம் சுமார் 8 மி.மீ. தள்ளி இருக்கிறது, அலகின் நுனியோ சுமார் 80 மி.மீ. தள்ளி. அதனால் நுனியில் 10 கிலோ அழுத்தினால் பூட்டின் மேல் சுமார் 100 கிலோ இறங்கும்.

கத்தியின் முதுகை மேசையில் ஓங்கி அடித்துப் பூட்டைச் சோதிக்கும் வழக்கம் ஒன்று கத்தி ஆர்வலர்களிடம் இருக்கிறது. அது நல்ல சோதனை இல்லை என்றே நினைக்கிறேன். அடிக்கும்போது பட்டை ஒரு கணம் துள்ளுகிறது. நல்ல பூட்டும் அந்தத் துள்ளலில் விடலாம், மோசமான பூட்டும் தப்பிவிடலாம். எந்தச் சுமையில், எப்படி நழுவுகிறது என்று தெரிந்துகொள்ள மெதுவான அழுத்தம்தான் உதவும்.

பைலட் பேட்சில் பெரும்பாலான கத்திகள் நின்றன. சில, தாங்க வேண்டிய சுமைக்கு வெகு முன்பே நழுவின. அதிலும் அவை உடையவில்லை, வளையவில்லை. பட்டை மெதுவாக வெளிப்பக்கம் ஊர்ந்து, கடைசியில் டக்கென்று விட்டுவிட்டது. திரும்ப விரித்தால் எதுவுமே நடக்காதது போல அழகாகப் பூட்டிக்கொண்டது. கையில் எடுத்துப் பார்க்கும் யாருக்கும் அதில் குறை இருப்பதாகத் தோன்றாது. இதுதான் என்னை உறுத்தியது. உடைகிற பூட்டு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், இது காட்டிக்கொடுக்காது.

முதல் சந்தேகம் எண்ணெய் மேல். பிவட்டுக்கு விடும் எண்ணெய் வழிந்து பூட்டு முகத்துக்கு வந்திருந்தால் உராய்வு குறையும், உராய்வுக் கோணமும் 8 டிகிரிக்குக் கீழே இறங்கும். நியாயமான சந்தேகம். நழுவிய கத்திகளைக் கழற்றி, ஆல்கஹாலில் துடைத்து, உலர்த்தி, மீண்டும் பூட்டிச் சோதித்தார்கள். கொஞ்சம் கூடுதல் சுமையைத் தாங்கின. ஆனாலும் நழுவின.

அடுத்த சந்தேகம் கோணம். அரைக்கும் இயந்திரத்தில் ஏதோ விலகியிருக்குமோ என்று பூட்டு முகங்களை அளந்தார்கள். எல்லாம் 8 டிகிரிக்கு மிக நெருக்கம். எஃகுத் துண்டின் கடினத்தைப் பார்த்தார்கள், அதுவும் சரி. இந்த இடத்தில் வேறு சில தொழிற்சாலைகள் என்ன செய்திருக்கும் என்று யோசித்தேன். பட்டையின் ஸ்பிரிங் வலுவைக் கூட்டியிருக்கலாம், நழுவியவற்றை மட்டும் ஒதுக்கிவிட்டு மேலே போயிருக்கலாம். இங்கே தயாரிப்புப் பொறியாளர் இரண்டையும் ஏற்கவில்லை. ஸ்பிரிங்கைக் கூட்டினால் நோய் மறையும், போகாது என்பது அவர் வாதம். நழுவிய கத்திகளுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வரை பேட்ச் நகராது என்று நிறுத்திவைத்தார்.

பொதுவான அம்சத்தைக் கண்டுபிடித்தது பூட்டும் மேசையில் இருந்த பெண். நழுவிய கத்திகள் எல்லாவற்றிலும் பட்டை மிகக் குறைவாகவே உள்ளே நுழைந்திருந்தது என்றார். கால்பங்கு வரை அல்லது அதைத் தாண்டி நுழைந்தவற்றில் ஒன்றுகூட நழுவவில்லை. ஒவ்வொரு கத்தியையும் கையால் பூட்டிப் பார்த்தவர் என்பதால் அவருக்கு அது தெரிந்திருந்தது. சோதனைத் தாளில் பட்டை நுழையும் அளவுக்கு ஒரு கட்டமே இல்லை, ஏற்கலாமா கூடாதா என்று குறிக்கும் இடம் மட்டும் இருந்தது. அன்றே அந்தத் தாளில் ஒரு கட்டம் சேர்ந்தது.

ஆனால் இது பாதி விடைதான். நுழைவது குறைந்தாலும் 8 டிகிரிச் சாய்வு 8 டிகிரியாகத்தானே இருக்க வேண்டும்? ஓரத்தில் பிடித்தாலும் ஆப்பு ஆப்புதான். ஓரத்தில் மட்டும் ஏன் நழுவ வேண்டும்?

மையும் நிழலும்

பூட்டு முகத்தில் மார்க்கர் பேனாவால் நீல மை பூசி, கத்தியைப் பலமுறை விரித்து மடக்கி, மறுபடி கழற்றிப் பார்த்தார்கள். பழைய முறை, காசு செலவில்லாத முறை, இன்றும் இதைவிட நேரடியான வழி இல்லை. எங்கே மை தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் எஃகும் எஃகும் தொடுகின்றன. நன்றாக நின்ற கத்திகளில் தேய்ந்த தடம் அகலமான பட்டையாக இருந்தது. நழுவியவற்றில் அது முகத்தின் வெளி ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு.

அடுத்து அலகை ப்ரொஃபைல் புரொஜெக்டரில் வைத்தார்கள். பாகத்தின் நிழலைப் பல மடங்கு பெரிதாக்கித் திரையில் விழவைக்கும் கருவி அது. திரையில் பூட்டு முகத்தின் நிழல் வந்ததும் யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. நேர்கோடாகப் போய்க் கூர்மையான மூலையில் முடிய வேண்டிய முகம், கடைசிப் பகுதியில் வளைந்து இறங்கியது. மூலை உருண்டிருந்தது.

உருட்டியது ஸ்டோன்வாஷ். அதிரும் தொட்டியில் கற்கள் சமதளத்தை லேசாகத்தான் தடவும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூலையைத்தான் விடாமல் கொத்தும். அலகின் முதுகில் இது வரவேற்கத்தக்கது, கையில் உறுத்தும் மூலைகள் மழுங்கும். பிசிர் எல்லாம் போய்விடும். பூட்டு முகத்தின் மூலைக்கும் அதே கவனிப்பு கிடைத்துவிட்டது. கோணத்தை அளந்தபோது இது ஏன் தெரியவில்லை? அளக்கும் கருவியின் முனை முகத்தின் நடுவே தொட்டது. நடுவே எல்லாம் 8 டிகிரிதான்.

உருண்ட மூலையில் சாய்வு 8 டிகிரி இல்லை. வளைவு இறங்க இறங்க அது 10, 15, 20 என்று கூடிக்கொண்டே போகிறது. அந்த இடத்தில் நிற்கும் பட்டைக்கு உராய்வு போதாது. முதுகில் அழுத்தம் வந்ததும் அது வெளியே வழுக்குகிறது.

இப்போது இரண்டு பாதிகளும் சேர்ந்தன. பட்டை கால்பங்கு நுழைந்தால், அதாவது 0.75 மி.மீ. உள்ளே போனால், அது உருண்ட பகுதியைத் தாண்டிச் சமதளத்தில் நின்றுவிடும், மூலை உருண்டிருப்பதால் கேடு இல்லை. பாகங்களின் சிறு வேறுபாடுகள் ஒன்றுசேர்ந்து பட்டையை 0.36 மி.மீ. முன்னதாகவே நிறுத்திவிட்டால், அது 0.4 மி.மீ. அளவில், வளைவும் சமதளமும் சேரும் இடத்திலேயே நின்றுவிடும். மூலை கூர்மையாக இருந்திருந்தால் அதுவும் தாங்கியிருக்கும். இரண்டும் ஒரே கத்தியில் சந்தித்தபோது மட்டும் பூட்டு நழுவியது.

இது ஊகமாக நின்றுவிடக் கூடாது என்பதில் பொறியாளர் உறுதியாக இருந்தார். எஃகின் கடினத்தைச் சோதிப்பதற்காக எடுத்துவைத்திருந்த, ஸ்டோன்வாஷ் தொட்டியைப் பார்க்காத சில அலகுகள் மிச்சமிருந்தன. நழுவிய கத்திகளின் கைப்பிடியில் அவற்றைப் பொருத்தி, பட்டை வேண்டுமென்றே குறைவாக நுழையும்படி ஸ்டாப் பின்னைத் தேர்ந்தெடுத்துப் போட்டார்கள். நழுவவில்லை. நழுவிய அலகுகளை வேறு ஸ்டாப் பின்னோடு போட்டுப் பட்டையை ஆழமாக நுழையவிட்டார்கள். அதுவும் நழுவவில்லை. திரும்பவும் பழைய சேர்க்கைக்கே மாற்றியதும் நழுவியது. கோளாறை விருப்பப்படி வரவழைக்கவும் விரட்டவும் முடிந்த பிறகுதான் காரணம் கிடைத்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார். இந்த ஒழுக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். புரொஜெக்டர் திரையைப் பார்த்த நிமிடமே கொண்டாடிவிட்டுப் போயிருக்கலாம்.

வரிசை ஏன் அப்படி இருந்தது

இந்தத் தொழிற்சாலை நெடுங்காலம் செய்துவந்தது மடங்காத கத்திகளை. அவற்றில் அரைக்கிற வேலையெல்லாம் முடித்து, மெருகேற்றி, பிறகு பிடி போடுவது சரியான வரிசை. மெருகு கடைசியில் வந்தால்தான் அரைக்கும்போது விழுந்த கீறல்கள் மறையும். அந்தப் பழக்கம் அப்படியே மடக்குக் கத்திக்கும் வந்துவிட்டது. பூட்டு முகத்தை அரைப்பது அரைக்கும் வேலைகளில் ஒன்று, ஆகவே அது அரைக்கும் பகுதியில் மற்ற அரைப்புகளோடு சேர்ந்து முடிந்தது. யாரும் கவனக்குறைவாக இருக்கவில்லை. வேலையின் வகையைப் பார்த்து வரிசை போட்டிருந்தார்கள். அந்த முகம் என்ன வேலை செய்யப்போகிறது என்பதைப் பார்த்துப் போடவில்லை.

வரைபடத்தில் கோணம் இருந்தது, அளவு இருந்தது, அனுமதித்த வேறுபாடு இருந்தது. மூலை எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்று மட்டும் இல்லை. வரைபடம் முடிந்துபோன பாகத்தைக் காட்டுகிறது. எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை வந்தால் அந்தப் பாகம் அப்படி இருக்கும் என்பது அதில் எழுதப்பட்டிருப்பதில்லை. மடக்குக் கத்தியைப் பொறுத்தவரை வேலை வரிசையும் வடிவமைப்பில் ஒரு பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. எஃகின் பெயரைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம், அந்த எஃகு எந்த வரிசையில் நடந்து வந்தது என்று கேட்பதே இல்லை.

மாற்றியவை

ஸ்டோன்வாஷை முன்னால் கொண்டுவந்தார்கள். அலகு உருண்டு, கழுவி, உலர்ந்த பிறகே பூட்டு முகம் அரைக்கப்படுகிறது. கேட்பதற்கு எளிது, ஆனால் இதனால் வேறு இரண்டு வேலைகள் முளைத்தன. மெருகு முடிந்த அலகை அரைக்கும் இயந்திரத்தில் இறுக்கிப் பிடித்தால் தடம் விழும். அலகைப் பிடித்துக்கொள்ளும் ஃபிக்ஸ்சரின் தாடைகளுக்கு நைலான் பட்டை வைத்தார்கள். நைலான் அழுந்திக்கொடுத்தால் அளவு விலகும் என்பதால், அலகின் இடத்தை நிர்ணயிக்கும் பொறுப்பைத் தாடையிடமிருந்து எடுத்து, பிவட் துளையில் நுழையும் ஓர் ஊசிக்கும் ஸ்டாப் பின் தொடும் பள்ளத்தில் உட்காரும் இன்னொரு ஊசிக்கும் கொடுத்தார்கள். கத்தி விரிந்து நிற்கும்போது அலகு எந்த இரண்டு இடங்களில் தாங்கப்படுகிறதோ, அதே இரண்டு இடங்களில் தாங்கித்தான் இப்போது அரைக்கப்படுகிறது. அலகு சம்பந்தப்பட்ட வேறுபாட்டில் பெரும்பகுதி இதனாலேயே கழிந்துபோனது. ஸ்டோன்வாஷை மாற்றியதைவிட இது பெரிய முன்னேற்றம் என்பேன்.

மற்றொரு தொல்லை, தொட்டியிலிருந்து வரும் நுண்ணிய கல்தூள். பிவட் துளைக்குள் தங்கினால் ஊசி சரியாக உட்காராது, கத்தி விரியும்போதும் கரகரக்கும். ஆகவே துளையை மெல்லத் தீட்டிச் சுத்தம் செய்யும் வேலை ஸ்டோன்வாஷுக்கு அடுத்து வந்தது.

மிச்சமிருக்கும் வேறுபாட்டுக்கு, சற்றே வெவ்வேறு விட்டங்களில் ஸ்டாப் பின்கள் வைத்துக்கொண்டார்கள். பூட்டும் மேசையில் ஒரு பின்னைப் போட்டுப் பார்த்து, பட்டை இலக்கை விடக் குறைவாகவோ அதிகமாகவோ நுழைந்தால் அடுத்த அளவை எடுத்துப் போடுவார்கள். மடக்குக் கத்திகளை நல்லபடியாகச் செய்பவர்கள் பலரும் கையாளும் வழி இது. பின்களையும் அலகையும் இன்னும் துல்லியமாகச் செய்து இதைத் தவிர்த்துவிட முடியாதா என்று கேட்டேன். முடியும், ஆனால் 7 மடங்கு பெருக்கும் பூட்டுக்கு முன்னால் அந்தத் துல்லியத்துக்கான செலவு எங்கோ போய்விடும், ஒரு தேர்ந்த கை சில நொடிகளில் அதைத் தீர்க்கிறது என்று விளக்கினார்கள். ஏற்கத்தக்க பதில்.

வரைபடத்திலும் ஒரு குறிப்பு ஏறியது: பூட்டு முகத்தின் வெளி மூலைக்கு அனுமதிக்கும் அதிகபட்ச வளைவு.

திருத்திய வரிசையில் செய்த கத்திகள் சோதனைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். பட்டை குறைவாக நுழையும்படி வேண்டுமென்றே பின் போட்டவையும் அதில் கலந்திருந்தன. சுமை கூடக் கூடப் பட்டை ஊரவில்லை. இலக்கைத் தாண்டியும் ஏற்றினார்கள். நீல மை பூசிப் பார்த்ததில் தடம் அகலமாக, முகத்தின் ஓரம் வரை நேராக இருந்தது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. இதே மாடலில் கறுப்புப் பூச்சுள்ள ஒரு வகையும் வரப்போகிறது. வைரத்தை ஒத்த கார்பன் பூச்சு சில மைக்ரான்தான் இருக்கும், ஏழால் பெருக்கினாலும் பட்டையின் இடத்தை அவ்வளவாக மாற்றாது. ஆனால் அது வழுவழுப்பானது, பூட்டு முகத்தில் உராய்வைக் குறைக்கும். செராமிக் பெயின்ட் வகைப் பூச்சானால் தடிமன் 25 மைக்ரானை ஒட்டி வரும், தேயவும் தேயும். தேய்ந்ததும் பட்டை உள்ளே நகரும். பூச்சு முடிந்த பிறகு பூட்டு முகத்தை அரைத்து வெள்ளை எஃகை வெளியே கொண்டுவருவதா, அல்லது பூசும்போதே அந்த முகத்தை மறைத்துவிடுவதா என்று விவாதம் நடந்துகொண்டிருந்தது. பொறியாளர் அரைக்கும் பக்கம். அரைத்தால் கறுப்பு அலகின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும் என்று வடிவமைப்பாளர் மறைக்கும் பக்கம். இரண்டு வழியிலும் சில அலகுகளைச் செய்து அதே சுமைச் சோதனையில் ஏற்றிப் பார்ப்பது என்று முடிவானது. நான் கிளம்பும்போது அந்த அலகுகள் உலைக்குள் போயிருந்தன.